காப்புக் கட்டிய கை

காட்டிலாகா அதிகாரி மாத்தயா மேடேறி வருவதைப் பார்த்ததும் நாகலெட்சுமி ஓடிப்போய் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். வெட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை. பச்சை வாசம் இன்னும் போகவில்லை.

எல்லாம் அவளைக் கட்டிய மகராசன் அழகுமுத்துவின் வேலை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்தான் கம்பத்துக்கு மரம் வெட்ட வேண்டும். வெட்டட்டும், யார் வேண்டாம் என்றது? மலை நிறைய மரம் இருக்க, ஊற்றுக்கு மேலே எட்டு வருஷமாக வளர்த்த சப்பு மரம், அந்தச் செண்பகம்தானா இந்த மனுஷன் கண்ணில் பட வேண்டும்? ஏசவும் முடியாது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கும்வரை காப்புக்காரரை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் தோட்டத்து லயத்தில் இருந்த இருபத்திரண்டு குடும்பங்களும் லீக்ஸ், கேரட் போட்டுப் பிழைத்தன. தேயிலைக் கொழுந்துக் கூடையை மட்டும் நம்பிப் பட்ட பாடு போதாதா? ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களைக் காத்தால் தண்ணீர் அவர்களுக்கு. இல்லாவிட்டால் காட்டிலாகாக்காரர்கள் குழாயைக் கழற்றிவிடுவார்கள். லயத்துத் தண்ணீர்ச் சங்கத் தலைவியாக அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள் இவள்தான்.

மாத்தயா ஒவ்வொரு மரமாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்றில் நின்றார். இருக்க வேண்டியது நாற்பத்திரண்டு.

"நங்கி, கொஞ்சம் எழும்புங்க." தங்கச்சி என்பதை அவர் சிங்களத்தில்தான் சொல்வார்.

எழுந்தாள். அவர் கட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். நல்ல மனுஷர்.

"காத்துல விழுந்திச்சா? போன வாரம் பெரிய காத்துதானே."

"ஆமான்னு சொல்லுங்கக்கா," என்று பின்னால் கூடியிருந்த லயத்துச் சனத்திலிருந்து பக்கத்துப் பாத்திக்காரி சுலக்ஷனா கிசுகிசுத்தாள்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இன்று காற்று என்றால் அடுத்த திருவிழாவுக்கும் காற்றடிக்கும். அப்புறம் கல்யாணப் பந்தலுக்கு அடிக்கும், கூரை மரத்துக்கு அடிக்கும். ஊற்று வற்றும்வரை அடித்துக்கொண்டே இருக்கும்.

"காத்து இல்லீங்க மாத்தயா. எங்க வீட்டுக்காரரு வெட்டினாரு."

மாத்தயாவின் முகம் மாறிவிட்டது.

"அப்ப நான் எழுதத்தானே வேணும்."

"எழுதுங்க. மரம் வெட்டினவங்க பாத்திக்கு ஒரு போகம் தண்ணி இல்லேன்னு எங்க சங்கத்துல சட்டம் இருக்கு. அதையும் சேத்து எழுதுங்க."

"தண்ணி பூட்டுறத நான் பாக்கணும்."

எல்லோரும் கீழே இறங்கினார்கள். அவளுடைய லீக்ஸ் பிடுங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. மழையும் இல்லை.

பாத்தி ஓரத்தில் அழகுமுத்து நின்றிருந்தான்.

"சாமிக்குத்தானே வெட்டினேன், லெட்சுமி."

அப்போதும் அவள் ஏசவில்லை.

"நீங்களே பூட்டுங்க," என்றாள்.

அவன் குனிந்து, மஞ்சள் கயிறு கட்டிய கையால் வால்வைத் திருகினான். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மாத்தயா எழுதி முடித்து, "மத்தவங்களுக்குத் தண்ணி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகலெட்சுமி லீக்ஸைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்துப் பாத்தியில் சுலக்ஷனாவின் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.