உப்புப் பார்த்தவள்

மயிலாடுதுறையில் அந்தத் தெருவில் எந்தக் கல்யாண வீட்டுப் பிரியாணியும் ஆமினா உப்புப் பார்க்காமல் தம்மில் ஏறியதில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைப்பாள். "இன்னும் அரைக் கை போடுங்க" என்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவள், புருஷன் லியாகத் அலி மௌத்தாகிக் கண்ணை மூடிய நாளிலிருந்து உப்பு டப்பாவைக் கையால் தொடவில்லை. மருமகள் ஷமீரா பாக்கெட் தூளுப்பைப் போட்டு எதை ஆக்கி வைத்தாலும் தின்றாள். கரித்தாலும் வாய் திறக்கவில்லை, சப்பென்று இருந்தாலும் வாய் திறக்கவில்லை.

சும்மா இல்லை அது. லியாகத் அலி ஷார்ஜாவில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் தொட்டி கழுவியே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊர் திரும்பும்போது கூடவே ரத்தக் கொதிப்பையும் கொண்டுவந்தார். உப்பை நிறுத்தினால்தான் ஆச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி நாள் பகல் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடி, "ஒரே ஒரு கல்லு வையேன், ஆமினா" என்று கேட்டார்.

"உசுரோட இருக்க ஆசை இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினாள். டப்பாவைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தாள். மனுஷன் சிரித்துக்கொண்டே பிசைந்து சாப்பிட்டார். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் ஏற்றும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "மீனைப் பாத்துக்க."

கேட்டீர்களா கதையை! இத்தனை வருஷம் கட்டிக் காத்திருந்த பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்லை. மீனைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

மீன் என்றால் இரண்டே இரண்டு கோமாளி மீன்கள். கூடத்துச் சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் கடல் தண்ணீர், அதில் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு ஜோடி. அவை ஒதுங்கிக்கொள்ள, விரிசல் விட்ட ஆமினாவின் மண்சட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

"மீன் குழம்பு வைக்கிற சட்டியில மீனையே குடி வச்ச ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள்.

"பெருசு பொம்பளை, சின்னது ஆம்பளை. அங்க பொம்பளை சொல்றதுதான் சட்டம்" என்பார்.

"இங்க மட்டும் என்னவாம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் அந்தத் தொட்டிக்கு என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

இப்போது இத்தா, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய துக்க காலம். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. தொட்டியில் தண்ணீரோ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. தரங்கம்பாடியிலிருந்து மீன் ஏற்றி வரும் லோடு ஆட்டோக்காரன் செல்லதுரைதான் லியாகத் அலிக்குக் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் இறக்கிப் போகிறவன். அவனுக்குச் சொல்லி அனுப்பினாள். வாசல்நடையில் தொங்கிய பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"தம்பி, தொட்டியில தண்ணி குறையுது."

"அதுக்கென்னக்கா, கொண்டாந்துடுறேன். பாய்க்குச் செஞ்சத உங்களுக்குச் செய்ய மாட்டேனா?"

சொன்னபடி செய்தான். வாரம் தவறாமல் கேன் வந்தது. தண்ணீர் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு கடல் தண்ணீரை ஊற்றி நிரப்பினாள். தண்ணீர் கொண்டு வந்தவனுக்குத் தொட்டியைப் பற்றித் தெரியாது. தொட்டியைப் பார்த்தவளுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாது. நடுவில் அந்தத் திரை.

ஒருநாள் சின்ன மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் காலை அடியில் கிடந்தது. ஆமினா அதைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

தோஹாவிலிருந்து மகன் ஃபாஜில் போன் செய்தான். "அத்தாவே போயிட்டாங்க. மீன எதுக்கும்மா கட்டி அழுறீங்க? மிச்சம் இருக்குறத கடைக்காரன்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

"உங்க அத்தா எங்கிட்டதான்டா ஒப்படைச்சிட்டுப் போனாரு, கடைக்காரன்கிட்ட இல்ல" என்று போனை வைத்தாள். வைத்தபிறகு பயம் வந்தது. உப்பு கேட்டார், கொடுக்கவில்லை. மீனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அதையும் சாகக் கொடுத்தாகிவிட்டது. மறுமையில் அவர் எதிரே வந்து நின்றால் எந்த முகத்தோடு பார்ப்பது? கடல் தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் ஒரு கேன் ஊற்றினாள்.

பெரிய மீன் சட்டியை விட்டு வெளியே வரவில்லை. தீனி போட்டால் அது அப்படியே மிதந்தது. "நீயும் இத்தா இருக்கியாடி?" என்று கண்ணாடியில் முகத்தை வைத்துக் கேட்டாள். மூலையில் ஒடுங்கிக் கிடந்த அதன் செவுள் மட்டும் வேகவேகமாக அடித்துக்கொண்டது.

அன்றைக்கு ஷமீரா அடுப்பில் புளிக்குழம்பை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் குழம்பு பாதியாக வற்றிவிட்டது. கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"மாமி, வாயில வைக்க முடியல. ஒரு சொட்டு பாத்துச் சொல்லுங்க. நீங்க உப்புப் பாக்குறத விட்டுட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும்..."

ஆமினா கையை நீட்டவில்லை. "பாக்க வேண்டாம். நீ போட்ட உப்பு போட்டபடி இருக்கு, தண்ணிதான் ஆவியாப் போச்சு. மறுபடி உப்பா போடுவ? ரெண்டு டம்ளர் பச்சத்தண்ணிய ஊத்து, சரியாப் போவும்" என்றாள்.

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. "யா அல்லா!" என்று எழுந்தாள்.

லியாகத் அலி சொம்பும் கையுமாக அடுப்படிக்கு வந்து குடிதண்ணீரை மொண்டுகொண்டு போவார். "காசு குடுத்து வாங்குற கேன் தண்ணிய எங்க கொண்டுபோய் ஊத்துறீங்க?" என்று எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பாள்! கடல் தண்ணீர், பழசை மொண்டு கொட்டிவிட்டுப் புதுசு மாற்றுவதற்கு. ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட நல்ல தண்ணீர். அவர் செய்ததெல்லாம் இவள் கண்ணெதிரே நடந்ததுதான். சண்டை போட்டாளே தவிர, எதற்கு என்று கேட்கவில்லை, பாவி.

செல்லதுரை கடைசியாகக் கொண்டுவந்த கேனில் மிச்சமிருந்தது. அதில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டாள். கை வாயருகே வந்து நின்றுவிட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தாள். கடல். அப்புறம் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு. காறித் துப்பினாள். இதிலா அந்த ஜீவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது!

தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொட்டினாள், குடிதண்ணீர் ஒரு சொம்பு மெல்லச் சரித்தாள். மொத்தமாக ஊற்றினால் குழம்பே கெட்டுப்போகும், மீன் தாங்குமா? காலையில் கொஞ்சம், சாயங்காலம் அஸர் தொழுதபின் கொஞ்சம் என்று நிதானமாகச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் கேனில் ஒரு சொட்டு, தொட்டியில் ஒரு சொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். பார்க்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவள் அந்த வாரம் முழுக்க உப்பு மட்டுமே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் இரண்டு சொட்டும் ஒன்றாக இருந்தன. மறுபடியும் வைத்துப் பார்த்தாள். இம்மி வித்தியாசம் இல்லை. ஒரு சிட்டிகைத் தீனியைப் போட்டுவிட்டு நின்றாள். சட்டிக்குள்ளிருந்து பெரிய மீன் தலையை நீட்டியது. மேலே வந்து ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு மறுபடி உள்ளே போனது.

"உப்பு சரியா இருக்கு, மச்சான்" என்றாள் ஆமினா.

அவ்வளவுதான், தாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு கல்லுதானே கேட்டீங்க, நான் என்ன கத்து கத்தினேன்" என்று வாய்விட்டு அழுதாள். மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. ஷமீரா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே லோடு ஆட்டோ வந்து நின்றது. "அக்கா, இன்னைக்கு ரெண்டு கேன் இருக்கு. இறக்கட்டுமா?" என்று செல்லதுரை திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு போதும் தம்பி. மத்ததுக்கு வீட்டுத் தண்ணி இருக்கு."

பகல் சாப்பாட்டுக்கு ஷமீரா தட்டு வைத்தாள். ஆமினா உட்காரவில்லை. அடுப்படிக்குப் போய், முக்காலியில் ஏறி, மேல் அலமாரியில் அன்று தான் வைத்த இடத்திலேயே இருந்த உப்பு டப்பாவை இறக்கினாள். தன் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.