பன்னிரண்டாவது மூக்கு

அட்டை வந்து மூக்கில் முட்டிய பிறகும் ராஜாம்பாள், "நல்லா தெரியுதுங்க" என்றாள். காலையிலிருந்து இதோடு பதினோரு பெண்கள். பதினோரு பேருக்கும் மூக்குவரை தெரிந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம், கிராமங்களுக்குக் கரண்டு போய்க்கொண்டிருந்த நேரம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் சோதனைக் கொட்டகையில், சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் மயிர்க்கீறல் பார்த்து ஒதுக்குவது இந்தப் பெண்களின் வேலை. கீறல் விழுந்த நாலு கட்டை மங்களூர் பக்கம் போய்த் திரும்பி வந்ததில் மேலிடத்துக்கு இவர்கள் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கடலூரிலிருந்து ஒரு இளம் கண் டாக்டரை வரவழைத்தார்கள். அவரிடம் அளவு போட்ட ஒரு கோல் இருந்தது. அதன் ஒரு முனையை மூக்கருகே வைத்து, மறுமுனையிலிருந்து ஒரு சின்ன அட்டையைக் கிட்டே நகர்த்துவார். அட்டையில் பொடிப்புள்ளிகள். புள்ளி கலங்குகிற இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் கண் எவ்வளவு மாறிக்கொடுக்கிறது என்பதற்கு அதுதான் அளவு. ஆனால் கலங்குகிறவளைக் களிமண் சுமக்க அனுப்பிவிடுவார்கள் என்று வரிசையில் செய்தி பரவியிருந்தது. அதனால் யாருக்கும் கலங்கவில்லை.

"பச்சக் கொழந்தைக்குக்கூட இப்படித் தெரியாதும்மா," என்றார் டாக்டர். "எங்கயாவது ஒரு எடத்துல கலங்கித்தான் ஆகணும்."

"எங்களுக்குக் கலங்காதுங்க," என்றாள் ராஜாம்பாள், ஊர் சார்பாகப் பேசுகிறவள்போல.

சூப்பர்வைசர் கொளஞ்சியப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர்ப்பட்டியலைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, போதாததற்குத் தலையையும் பின்னால் இழுத்து, "பா... பாஞ்சாலை" என்றார். கை இன்னும் இரண்டு விரற்கடை நீண்டிருந்தால் பெயர் ஒரே மூச்சில் வந்திருக்கும்.

பாஞ்சாலைக்கு நாற்பத்து மூன்று. பதினாறு வருஷமாக இந்தக் கொட்டகை. போன தீபாவளியிலிருந்து ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிறாள். ஏற்கெனவே பிசகிய இடுப்பு. மண்கூடை என்றால் மூன்று மாதம் தாங்காது. உட்காரும்வரை அவளும் "தெரியுது" என்றுதான் சொல்வதாக இருந்தாள். அப்போதுதான் அட்டையைப் பார்த்தாள். விளிம்பில் வெள்ளையாக, பதினோரு மூக்கின் பவுடர். பதினாறு வருஷம் பார்த்துக் கொடுத்த கண்ணுக்கு மூக்கை வைத்தா சாட்சி சொல்ல வேண்டும்?

அட்டை நகர்ந்தது. முக்கால் முழம் இருக்கும்போதே சொன்னாள்: "நிறுத்துங்க. கலங்குது."

ராஜாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் அன்று முதல் தடவையாகப் பேனாவைத் திறந்தார்.

"நாளையிலேர்ந்து மண்ணு எடுக்கப் போயிடு," என்றார் கொளஞ்சியப்பன்.

"எதுக்குப் போவணும்?"

பாஞ்சாலை எழவில்லை. காலையில் தேறிய கட்டைகள் கிடந்த கூடையிலிருந்து ஒன்றை எடுத்தாள். கையை நன்றாக நீட்டி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினாள். "அடியில கீறல் ஓடுது, பாருங்க."

டாக்டர் வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார். ஓடியது.

"கிட்டத்துல தெரியலன்னா தள்ளிப் புடிக்கிறேன். கை எதுக்கு இருக்குது? சாரும் அப்படித்தான பேப்பரு படிக்கிறாரு. அவர யாரும் மண்ணு சொமக்கச் சொல்லலியே."

கொளஞ்சியப்பன் பட்டியலை அவசரமாக மடித்தார். "என் கண்ணுல ஒரு கொறையும் கெடையாது."

"அப்ப ஒக்காருங்க சார்." அவள் எழுந்து முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "ஒங்களுக்கு எங்க கலங்குதுன்னு எழுதட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்துட்டு அனுப்புங்க. போறேன்."

பெண்கள் நெருங்கி வந்தார்கள். டாக்டர் அட்டையைக் கோலின் கடைசிக்கு இழுத்தார். காலையிலிருந்து அவருக்கும் ஒரே ஒரு உண்மையான அளவுதான் கிடைத்திருந்தது.

வேறு வழியில்லாமல் கொளஞ்சியப்பன் உட்கார்ந்தார். அட்டை புறப்பட்டது. ஒரு முழத்தைத் தாண்டியது. பாஞ்சாலை நிறுத்திய இடத்தையும் தாண்டியது. அவர் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு கருவிழியும் மெல்ல மெல்ல மூக்கை நோக்கிக் கூடின. அட்டை வந்து முட்டி நின்றது.

"தெரியுதுங்களா?"

"நல்லா தெரியுது."

டாக்டர் அட்டையை விலக்கினார். கொளஞ்சியப்பனின் மூக்கு நுனியில் பதினோரு பேர் பவுடரும் அப்பியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் பேனா எழுதாமல் நின்றது. பாஞ்சாலை கூடையிலிருந்து அடுத்த கட்டையை எடுத்து, கையை நீட்டினாள்.