அடியில் ஒரு மூக்கு

ஓவியக் கல்லூரியின் மாலை வகுப்பில் அவளைச் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சரியாக வராத படத்தின் மேல் வெள்ளை அடித்துவிட்டு, அதே துணியில் அடுத்த படத்தைத் தொடங்குவது அவள் வழக்கம். மற்றவர்களும் எப்போதாவது செய்வதுதான். இவள் ஒன்றைக்கூட மிச்சம் வைத்ததில்லை. இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி, பின்பக்கம் பென்சிலில் தேதி. வீடு பெருக்குகிற மாதிரி தன் தோல்விகளைப் பெருக்கித் தள்ளியிருந்தாள்.

திங்கட்கிழமை மாலை பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிக்கிறவர்கள், சேர்ந்த புதிதில் வரைந்த தங்கள் முகத்தையும் கடைசியாக முடித்த படத்தையும் வியாழக்கிழமை அருகருகே மாட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான், மூன்றாம் ஆண்டுக்கு அனுப்புவதா, இன்னொரு வருடம் உட்கார வைப்பதா என்று முடிவெடுப்பார்கள்.

அவளுடைய இரண்டு படங்களும் ஒரே துணியில் இருந்தன. அடியில் அவள் முகம். அதன் மேல் வெள்ளை. அதற்கும் மேல், வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் அக்கா. இந்த இரண்டு வருடத்தில் அவள் வரைந்ததில் உருப்படியான படம் அது ஒன்றுதான்.

பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று வாடிக்கையாளர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்ப ஃபிரேமை வளைத்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவள் அவள். இது ஐந்து வருடப் படிப்பு. இன்னொரு வருடம் உட்காரச் சொன்னால் விட்டுவிடுவது என்று போன மாதமே முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பகலில் தபால் கொடுப்பவனும் வகுப்பிலேயே உயரமானவனுமான ஒட்டடைக்குச்சிதான் யோசனை சொன்னான். "புதுசா ஒண்ணு வரைஞ்சு பழசுன்னு மாட்டிடு, சுண்ணாம்பு. கேவலமா வரையறதுக்கு என்ன கஷ்டம்? எனக்கெல்லாம் தானா வருது."

"கண்டுபிடிச்சுட்டாங்கன்னா?"

"யாரு ஞாபகம் வச்சிருக்கா? அப்ப இருந்த வாத்தியாரே போயிட்டாரு. ஈரம் காயாது, அதனால யாரையும் தொட விடாத. அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. காலையிலேயே கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். பழைய படம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு காது மேலே, ஒரு காது கீழே. மூக்கு, உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து ஒட்டியது போல இருக்கும். அதைத்தான் திரும்ப வரைந்தாள். காதைத் தப்பான இடத்தில் வைத்தால் கை தன் பாட்டுக்கு நகர்த்திச் சரியாக்கியது. மூக்குக்கு அடியில் கேட்காமலே ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தில் நிழல் உண்டு என்பதே இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குத் தெரியாது. மூன்று முறை துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா, மதியம் வேலை முடிந்து வந்தாள்.

"யாருடி இது?"

"நான்தான்."

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கக் கூடாதுக்கா."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "ரெண்டு வருஷம் நாய் மாதிரி ஓடினது இதுக்கா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப என் படத்தைச் சுரண்டிட்டு அடியில இருக்கறதைக் காட்டு. நான் தூங்குமூஞ்சிங்கறதும் வெளிய தெரியாம போகும்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அக்கா முகம் கழுவப் போனபின் இவள் சுரண்டும் கத்தியை எடுத்து, படத்தில் இருந்த சட்டைக் கையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த மடிப்புக்கு மட்டுமே பத்து நாள் ஆகியிருந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். பொய் முகத்தையும் கடைசியாக ஒருமுறை துடைத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை அவளுக்கு ஒதுக்கிய சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றில் அக்கா தூங்கினாள். மற்றது சும்மா இருந்தது.

மூன்று பேர் வந்தார்கள்: துறைத் தலைவர், வண்ணப் பாடம் எடுக்கும் அம்மா, வெளியிலிருந்து வந்த ஓவியர். தலைவரின் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஒரு திருகைப் பிடித்தால் சரியாகிவிடும் என்று அவள் கை அரித்தது.

"இன்னொன்னு எங்கம்மா?" என்றார் தலைவர்.

"இதுக்கு அடியில இருக்கு சார்."

"சரி, அந்த வருஷத்துப் படம் வேற ஏதாவது?"

"எல்லாமே ஏதாவது ஒண்ணுக்கு அடியிலதான் இருக்கு."

அவர் ஃபைலை மூடினார். "கண்ணால பாக்காததுக்கு நாங்க எப்படி மார்க் போடறது?"

காலையிலிருந்து நின்ற கால். அழகாகச் சொல்ல எதுவும் வரவில்லை. "பழசு மாதிரி பொய்யா ஒண்ணு வரைஞ்சு பாத்தேன் சார். வரல."

"வரலன்னா?"

"அவ்வளவு மோசமா இப்ப வரைய வரல."

வண்ணப் பாடத்து அம்மா சிரித்துவிட்டார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, தன் போனின் வெளிச்சத்தைப் படத்தின் பக்கவாட்டில் பிடித்தார். அக்காவின் தோளின் நடுவில் ஒரு மேடு எழுந்து நிழல் விழுந்தது. அடியில் தடியாக அப்பியிருந்த பெயிண்டை இரண்டு பூச்சு வெள்ளையும் அமுக்கியிருக்கவில்லை.

"இது என்ன, மூக்கா?"

"ஆமா மேடம்."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

வெளி ஓவியர் குனிந்து மேட்டைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "பரவால்ல, நேர்ல அப்படி இல்ல" என்றார்.

மூன்று பேரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து தலைவர் தாளை நீட்டினார். மூன்றாம் ஆண்டுக்கு அனுமதி. அதன் கீழே கையால் ஒரு வரி: படிப்பு முடியும்வரை எந்தப் படத்தையும் மூடவோ எறியவோ கூடாது, ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும்.

"சம்மதம்னா கையெழுத்துப் போடு" என்றார்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது கணக்குதான். இன்னும் மூன்று வருடம். அத்தனை கோணல்களும் கண்ணெதிரே நிற்கும். தோற்றிருந்தால் நாளையிலிருந்து மாலையில் தூங்கியிருக்கலாம். அந்த நினைப்போடே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னாச்சு?"

"மூணாவது வருஷம்."

"இன்னும் மூணு வருஷம் இந்த பெயிண்ட் நாத்தமா?"

"இனிமே எதையும் மூடக் கூடாதாம். எல்லாத்தையும் வச்சிருக்கணும்."

"எத்தனை சேரும்?"

"முப்பது, நாப்பது."

அக்கா தங்கள் ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சுவரை ஒட்டியிருந்த கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள்.

"நிக்காத. அந்தப் பக்கம் பிடி."