பக்கம் திருப்ப வருபவர்

செத்துப்போன பிறகும் வெனியாமின் பக்லானோவ் வாரத்தில் மூன்று நான்கு தடவையாவது வோல்கா நதிக்கரையில் நம் ஊரான கினெஷ்மாவில் உள்ள தன் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் எழுதிய பியானோ இசையை அவர் மனைவி கபிதொலினா வாசிக்கத் தொடங்கினால் வருவார். கடைசிச் சுரம் அடங்கியதும் இருக்கமாட்டார். வருவது பக்கம் திருப்புவதற்கு. உயிரோடு இருந்தபோதும் அதுதான் வழக்கம்: பியானோவுக்கு இடப்பக்கம் நிற்பார், மனைவி கடைசி வரிக்கு வந்ததும் தாளின் மேல்மூலையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவார், வாய் திறக்கமாட்டார். 1958 மார்ச்சில், வோல்காவில் பனிக்கட்டி உடைவதற்கு முன்பே, நிமோனியா அவரைக் கொண்டுபோய்விட்டது. நாற்பதாம் நாள் எல்லோரும் கூடி, அவர் பங்கு வோத்காவைக் கிளாசில் ஊற்றி, மேலே ஒரு துண்டு கறுப்பு ரொட்டியை வைத்து மூடிய பிறகு, பேசுவதற்கு எதுவும் தோன்றாமல் கபிதொலினா பியானோவில் போய் உட்கார்ந்தார். முதல் பக்கம் முடிகிற இடத்தில் மையும் கறையுமாக ஒரு சட்டைக் கை நீண்டு வந்து தாளைத் திருப்பியது. வந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவருடைய கிளாசை எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் கைநீட்டுவதற்குள் இசை முடிந்துவிட்டது.

அது நாலு குடும்பம் ஒரே சமையலறையைப் பங்குபோட்ட வீடு. அப்படிப்பட்ட வீட்டில் எந்த அதிசயமும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அடுத்த அறைக்காரி தோஸ்யா, நெசவாலையில் வேலை பார்த்தவள், அவர் வருவதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஈர பூட்ஸோடு வருவதைப் பற்றித்தான் சொன்னாள். அறைகளுக்கு நடுவேயுள்ள நடைபாதையைத் துடைக்கும் முறையில் அவரையும் ஒரு ஆளாகக் கணக்கிட வேண்டும், அவர் முறையைக் கபிதொலினா செய்ய வேண்டும் என்பது அவள் வாதம். வீட்டுக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தேநீர் குடிக்காதவர், கழிப்பறைக்கு வரிசையில் நிற்காதவர் குடியிருப்பவர் ஆகமாட்டார் என்று முடிவாயிற்று. தோஸ்யா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு தானே துடைத்துவிட்டாள்.

கபிதொலினாவுக்கு இருந்த வேதனை வேறு. வாசிக்கிறவர் கண் தாளில்தான் இருக்க வேண்டும். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தால் விரல் தடுமாறும். விரல் நின்றால் அவர் இல்லை. தாளே இல்லாமல் மனப்பாடமாக வாசித்துப் பார்த்தார். திருப்பப் பக்கம் இல்லாத இடத்துக்கு அவர் வரவில்லை. ஆகவே நாற்பத்தெட்டு வருஷமும் அந்த மனுஷி புருஷனின் கையை மட்டும் பார்த்து வாழ்ந்தார். இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், தலை நரைத்தது, விரல் மூட்டு வீங்கிற்று. அந்தக் கைக்கு மட்டும் வயசாகவில்லை.

வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று நம் ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கபிதொலினாவுக்கு மனம் வரவில்லை. இருந்தது ஒரே பிரதி. பக்லானோவ் தன் கைப்பட எழுதி மாஸ்கோவுக்கு அனுப்பிய இன்னொரு பிரதி திரும்பி வரவேயில்லை, அதைப் பற்றி ஒரு வரி பதிலும் இல்லை. காய்ச்சலில் கிடந்த கடைசி வாரம் அவர் கேட்டது ஒன்றுதான். “உன்னைத் தவிர யாராவது ஒருத்தர் அதை வாசிச்சு நான் கேக்கணும், கபா.” “கேப்ப, வென்யா. இப்பப் பேசாம படு” என்று சொல்லிவிட்டு கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டார் கபிதொலினா. கொடுத்த வாக்கு அது. காப்பாற்றினால் ஆளைப் பறிகொடுக்க நேருமோ என்ற பயம் அவரை எப்போதும் விடவில்லை.

யாரொஸ்லாவ்லைச் சேர்ந்த பல் மருத்துவர் ஃபெலிக்ஸ் யூரியெவிச்சுக்கு ஒரு பைத்தியம் உண்டு. யாரும் கேள்விப்படாத ரஷ்ய இசைக்காரர்களின் பியானோத் தாள்களைத் தேடிக் கண்டுபிடித்து, படமெடுத்து, இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவார். லீவு நாளெல்லாம் இதற்கே போயிற்று. இசைக்காரர்களின் விதவைகளிடம் போய் முதலில் பல்லைப் பார்ப்பார், ஆடுகிற பல்லை இறுக்குவார், பிறகு பரணைப் பார்க்கலாமா என்று கேட்பார். அப்படி வோல்கா கரையில் பாதி விதவைகள் நல்ல பற்களோடு இருந்தார்கள். ஒருநாள் சந்தையில் அவர் வாங்கிய கருவாட்டைச் சுற்றியிருந்த தாளில் ஐந்து கோடும் சுரங்களும் இருந்தன. மாஸ்கோவுக்குப் போன பிரதியின் ஒரு பக்கம் அது, மூலையில் பக்லானோவ் என்ற பெயரும் கினெஷ்மா விலாசமும். கருவாட்டை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

கபிதொலினாவுக்குச் சொந்தப் பல் எதுவும் மிச்சமில்லாததால் மருத்துவர் நேரே விஷயத்துக்கு வர வேண்டியதாயிற்று. மாட்டேன் மாட்டேன் என்ற கபிதொலினா எப்படியோ, ஒரே ஒரு தடவை இங்கேயே வாசித்துப் பாருங்கள் என்று எழுந்து இடம் கொடுத்துவிட்டார். வயசாகிவிட்டது, விரலும் ஒத்துழைக்கவில்லை, அதுதான் காரணம் என்று தோஸ்யா பின்னாளில் சொன்னாள். மருத்துவர் மோசமாகத்தான் வாசித்தார். தடித்த விரல், ஒரு கட்டைக்குப் பதில் இரண்டு கட்டை விழும். ஆனால் நிறுத்தவில்லை. கபிதொலினா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை வருஷத்துக்குப் பிறகு, புருஷனின் முகத்தைப் பார்த்தார்.

அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணெல்லாம் தண்ணீர். யாரோ முன்பின் தெரியாத ஒரு தடியர் தன் சுரங்களைத் தப்பும் தவறுமாக இடித்துக்கொண்டிருப்பதை, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார் பக்லானோவ். நாற்காலியில் இருந்த கிழவியின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

“விரல் சொன்ன பேச்சு கேக்கல, மன்னிச்சுக்கோங்க” என்றார் மருத்துவர். கபிதொலினா எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே தோஸ்யா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் வாசிச்சப்பல்லாம் அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சோ எனக்குத் தெரியாது, தோஸ்யா. இன்னைக்குப் பாத்தேன். சந்தோஷமா இருக்கான்.”

“அப்புறம் எதுக்குடி அழற?”

“நான் இருக்கறது அவனுக்குத் தெரியல.”

தோஸ்யா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பழைய சண்டையெல்லாம் மறந்து, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கபிதொலினா தாள்களை எடுத்து மருத்துவரிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, இதையெல்லாம் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று கேட்டார். மிஞ்சிப்போனால் நூறு பேர் இருக்கும் என்றார் மருத்துவர். அவர் போட்ட மற்றவர்களின் இசைக்கெல்லாம் அவ்வளவுதான் கூட்டம். உலகம் முழுக்க நூறு பேர் என்றால் தன் முறை எப்படியும் வரும் என்று கபிதொலினா கணக்குப் போட்டார். பொதுச் சமையலறையில் அடுப்புக்கு முறைவைத்து வாழ்ந்தவர் வேறெப்படிக் கணக்குப் போடுவார். அப்படியும் மனம் கேட்காமல், ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடரும் அந்த இசைக்கோவையில் கடைசி இசையை மட்டும் உருவி மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அது தனக்கென்று இருக்கட்டும், அதை வாசித்தால் வேறெங்கும் போக வழியில்லாமல் இங்கேதான் வருவார் என்பது எண்ணம்.

கணக்கு இரண்டும் பொய்த்தது. கருவாட்டுக் கதையாலோ என்னவோ, அந்த இசை காட்டுத்தீயாய்ப் பரவிற்று. நூறு பேர் ஆயிரம் ஆனார்கள். மெத்தைக்கு அடியில் இருந்ததை எடுத்து வாசித்தாலும் கை வரவில்லை. தாள் வேறாக இருந்தென்ன, ஆள் ஒருவர்தானே, எங்கோ ஒருவருக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு வாசித்தால் ஜப்பானில் பகல். சாயங்காலம் வாசித்தால் சிலியில் அப்போதுதான் மதியம் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். உலகம் இவ்வளவு பெரியது என்பது கபிதொலினாவுக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. தாளைத் தானே திருப்பப் பழகிக்கொண்டார். திருப்புகிற இடத்தில் இடது கை இரண்டு சுரத்தை விட்டுவிடும். அவருக்கு அது தினமும் நெஞ்சை அறுத்தது.

அடுத்த குளிர்காலத்தில் மருத்துவர் தன் கம்ப்யூட்டரோடு வந்து ஒரு வீடியோப் படம் காட்டினார். சிலியில் உள்ள வல்பரைஸோவில் ஒரு பெண் வாசிக்கிறாள், பக்கத்தில் பழைய மோஸ்தர் கோட்டில் பக்லானோவ் நிற்கிறார். படத்துக்குக் கீழே யாரோ இவர் யார் என்று கேட்டிருக்க, தெரியாது, நன்றாகத் திருப்புகிறார் என்று அந்தப் பெண் பதில் எழுதியிருந்தாள். படத்தில் கடைசிப் பக்கம் வந்தது. அந்தப் பெண்ணிடம் அதற்கு மேல் தாள் இல்லை. பக்லானோவ் மூலையைப் பிடிக்கக் கை நீட்டினார், ஒன்றும் கிடைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் நீட்டினார். நீட்டிய கையோடேயே மறைந்தார்.

“இன்னொரு தடவை போடுங்க, டாக்டர்” என்றார் கபிதொலினா. போட்டார். “வேற யார் வாசிச்சாலும் இப்படித்தானா?”

“எல்லாத்துலயும் இப்படித்தாங்க. கடைசியில எதையோ தேடறாரு. என்னன்னுதான் எங்க யாருக்கும் புரியல.”

கபிதொலினா எழுந்து அறைக்குப் போய் மெத்தையைத் தூக்கினார். தாள்களை மருத்துவர் மடியில் வைத்தார். “இதைத்தான் தேடறான். குடுத்துடுங்க, எல்லாருக்கும் குடுத்துடுங்க” என்றார். பிறகு தேநீர் போடச் சமையலறைக்குப் போனார். ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று மருத்துவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

அதன் பிறகு கபிதொலினா இருந்த வருஷங்களில் பக்லானோவ் அந்த வீட்டுக்கு வரவில்லை. கை நீட்டி வெறுமையைத் தேடுவது நின்றுவிட்டதாக மருத்துவர் போனில் சொன்னார். கபிதொலினா அதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். 2011-இல், ஆப்பிள் மரங்கள் பூத்திருந்த வாரத்தில், பகல் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து, இழவு வீட்டுக் கோதுமைச் சோறான குத்யாவும் பழ ஜெல்லியும் பரிமாறிய பிறகு மருத்துவர் அந்தக் கடைசி இசையை வாசித்தார். வாசல் திறந்தே இருந்தது. பக்லானோவ் வரவில்லை, அந்த நேரம் ஒஸாகாவில் ஒரு மாணவன் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தது பிறகு தெரிந்தது. தோஸ்யா நடைபாதையை எட்டிப் பார்த்தாள், தரை காய்ந்து கிடந்தது. “அவருக்கு வேலை இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஏப்ரன் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

இப்போது நம் இசைப்பள்ளிப் பிள்ளைகளும் பக்லானோவின் இசையை வாசிக்கிறார்கள். எப்போதாவது வந்து திருப்பிவிட்டுப் போகிறார், பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் சிலர் கபிதொலினாவுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். எழுதியவரைத்தான் வாசித்து வரவழைக்க முடியும். கபிதொலினா எதையும் எழுதியதில்லை, வாசிக்க மட்டும்தான் செய்தார், அவர் வருவதில்லை.