அப்பா அனுமதிக்காத காற்று

மனித இனம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, ஒருமுறைகூடக் காற்றுப் பிரிக்காமல் வாழ்ந்துவரும் ஒரே ஆள் எங்கள் அப்பா. நான் கிண்டல் செய்யவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். “எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது” என்பார், நீட்டிய சிகரெட்டை மறுப்பவரைப் போல.

அப்பா ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் தலைமைப் பொறியாளர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாடுகிறவரின் சட்டைப் பொத்தான் மைக் கம்பியில் உரசினால், இந்தப் பக்கம் அப்பா எத்தனையாவது பொத்தான் என்று சொல்வார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எந்தச் சுருதியில் முனகுகிறது என்பது அவருக்குத் தெரியும். அது அரைச் சுருதி இறங்கிய மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். அன்று பதிவான பாட்டில், நாற்பது வயலின்கள் ஒரே நேரத்தில் நின்று இரண்டு விநாடி மௌனம் காக்க வேண்டிய ஓர் இடம் வந்தது. வயலின்கள் காத்தன. மாமா காக்கவில்லை. அப்பா பதிவை நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றினார். நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில், “மாப்ளே, வெளியே போங்க” என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். “ஒண்ணே கால் செகண்ட். ஆரம்பம் சுமார்தான், முடிவுல ஒரு கமகம் இருந்துச்சு பாருங்க” என்பார். பந்தியே சிரிக்கும். மாமா கழுத்தைத் தடவிக்கொண்டு தானும் சிரிப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமாவுக்கு அந்தக் கழுத்து அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

போன வாரம் அப்பாவின் குடல்வால் வெடித்துவிட்டது. அறுத்து எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஆபத்து வந்தது.

“உங்கப்பாவோட குடல் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, தம்பி” என்றார் வார்டு சிஸ்டர். “கத்தி பட்டா அது அப்படித்தான். வேலையை நிறுத்திடும். சமாதானம் ஆகிற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது.”

“சமாதானம் ஆயிடுச்சுன்னு எப்படித் தெரியும் சிஸ்டர்?”

“காத்து பிரியும்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

சிஸ்டர் அன்று எனக்கு எடுத்த பாடத்தின் சுருக்கம் இது. வாயிலிருந்து கடைசி வாசல் வரை ஒரே குழாய், நீட்டினால் எட்டு ஒன்பது மீட்டர் வரும். விழுங்குகிற வரைக்கும்தான் நம் அதிகாரம். தொண்டையைத் தாண்டியதும் குழாய் தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும். பின்னால் இறுக்கி முன்னால் தளர்த்தி, பேஸ்ட் பிதுக்குவது போலத் தள்ளிக்கொண்டே போகும். இரைப்பை அமிலத்தை ஊற்றிப் பிசைந்து கூழாக்கும். சிறுகுடல் அந்தக் கூழிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சும். அங்கே குடித்தனம் இருக்கிற கோடானுகோடி கிருமிகள் நம்மால் செரிக்க முடியாத மிச்சத்தைத் தின்றுவிட்டு, நன்றி மறவாமல் காற்றைத் தரும். ஆப்பரேஷன் ஆனால் மொத்தக் குடும்பமும் படுத்துவிடும். முதலில் எழுந்திருப்பது சிறுகுடல், பிறகு இரைப்பை. வீட்டுக்குக் கடைக்குட்டி போலக் கடைசியில் எழுவது பெருங்குடல். அது எழுந்துவிட்டதற்கு ஒரே சாட்சி அந்தக் காற்று.

“இப்பல்லாம் சில டாக்டருங்க சீக்கிரமே தண்ணி குடுத்துடறாங்க” என்றார் சிஸ்டர். “ஆனா அப்பாவுக்கு உள்ளயே வெடிச்சு, சீழ் பரவியிருந்துச்சு. அதான் எங்க டாக்டர் பிடிவாதமா இருக்கார்.”

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்து அப்பாவின் வயிற்றில் தட்டினார். டொம், டொம் என்றது.

“நேத்தைக்கு இதைவிடக் கீழ் சுருதி” என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. “வயிறு உப்பிட்டே போகுது சார். நாலு மணிக்கு வர்றேன். அதுக்குள்ள போகலைன்னா மூக்கு வழியா டியூப் விட்டு இரைப்பையைக் காலி பண்ணணும். அப்புறம் ஸ்கேன். உள்ள எங்கயாவது அடைப்புன்னு தெரிஞ்சா, திரும்பவும் திறக்கிறதைத் தவிர வேற வழியில்லை.”

திரும்பவும் திறப்பது என்ற சொல்லை டிபன் பாக்ஸுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நான் ஈரப் பஞ்சால் துடைத்தபோது நாக்கு நுனியால் அந்த ஈரத்தைத் திருடினார். அதுவரை எனக்கு இந்த விஷயம் முழுக்க முழுக்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

அம்மா வேலை இடத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை போன் செய்தாள். ஹலோ கிடையாது. “போச்சா?” என்பாள். “இன்னும் போகலம்மா” என்பேன். பெரியப்பா, அத்தை, எதிர்வீட்டுக்காரர் என எல்லோரும் அதே கேள்வி. லிஃப்டில் நின்று நான் ஐந்தாவது முறை “இன்னும் போகல, டாக்டர் நாலு மணின்னு சொல்லியிருக்கார்” என்றபோது, பக்கத்தில் இருந்த ஒருவர் என் தோளை அழுத்தி, “மனசைத் தேத்திக்கோப்பா” என்றார். நான் தேற்றிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குப் பக்கத்துப் படுக்கை லாரி டிரைவருக்கு விடிவு பிறந்தது. குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர். முன்னறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை. பளு ஏற்றிய வண்டி ஏற்றத்தில் கியர் மாற்றுகிற சத்தம். வார்டே கைதட்டியது. எதிர்ப் படுக்கைப் பெரியவர் “மகராசன்” என்று வாழ்த்தினார். சிஸ்டர் ஓடிவந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, டிரைவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “சைலன்சர் கழண்ட வண்டி. மனுஷனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணாம்?”

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “சத்தத்தை விடுங்க சார். வண்டி கிளம்பிடுச்சா இல்லையா?”

பன்னிரண்டு மணிக்கு மாமா வந்தார். நாற்காலியை இழுத்து அப்பாவின் தலைமாட்டில் போட்டுக்கொண்டார். அந்த உட்கார்தலில், முதல் வரிசை டிக்கெட் கிடைத்தவரின் நிதானம் இருந்தது.

“என்ன அத்தான், இன்னும் அமைதிதானா?”

“எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது மாப்ளே.”

“இன்னிக்கு ஒரு நாள் பழகிக்கோங்க. இங்க வயலின்காரங்க யாரும் இல்லை.”

டிரைவர் தலையைத் தூக்கினார். “அது என்ன வயலின் கதை?”

“ஒண்ணுமில்லை” என்றார்கள் அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில். அப்பா அந்தக் கதையைச் சொல்ல மறுத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு மணிக்கு சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். வயிற்றில் நான்கு இடத்தில் வைத்துக் கேட்டார். புருவம் மேலே ஏறியது. திரும்பவும் முதல் இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

“என்ன கேக்குது?” என்றார் அப்பா. தன் உடம்பிலேயே தனக்குக் கேட்காத ஒரு சத்தம் இருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

“நீங்களே கேளுங்க.”

அப்பா ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டார். இரண்டு காதிலும் சரியாகப் பொருத்தி, ஒருமுறை திருகி, கண்ணை மூடினார். அந்த முகத்தை நான் கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். வெளியே யார் கத்தினாலும் கேட்காத முகம்.

“வலப்பக்கம் கீழ சின்னச் சின்னக் குமிழி” என்றார் மெதுவாக. “வட்டத்தைக் கொஞ்சம் மேல நகர்த்துங்க. ஆங்... யாரோ மாடிப்படியில பீப்பாயை உருட்டிட்டுப் போறான். குறுக்க போறான். நல்ல கனமான பேஸ் சிஸ்டர் இது, இப்படி ஒரு பேஸுக்கு நான் எத்தனை மைக் மாத்தியிருக்கேன்! இப்ப இடப்பக்கம் இறங்குறான்... இறங்குறான்... நின்னுட்டான்.”

“அதுதான் சார் பெருங்குடல். வலப்பக்கம் ஏறி, குறுக்க போய், இடப்பக்கம் இறங்கும். முழிச்சுக்கிச்சு, அமர்க்களமா வேலை செய்யுது.” சிஸ்டர் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். “வாசல் வரைக்கும் வந்தவன் அங்க ஏன் நிக்கிறான்?”

அப்பா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, குழாயை மைக் வயர் போல ஒழுங்காகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

“கடைசிக் கதவுக்கு ரெண்டு பூட்டு இருக்கு சார். உள் பூட்டைக் குடலே திறந்துக்கும். வெளிப் பூட்டு உங்க கையில. டாக்டர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

சிஸ்டர் போனதும் மாமா காபி குடிக்கப் போனார். அப்பா விரலால் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“காலைல ஆறு மணிக்கு ஒண்ணு வந்துச்சு.”

“அப்புறம்?”

“நான் அனுமதிக்கல.”

“அனுமதிக்கலையா? எத்தனை தடவைப்பா?”

“நாலு.” கொஞ்சம் யோசித்தார். “டிரைவருக்குக் கை தட்டினப்ப வந்ததையும் சேர்த்தா அஞ்சு.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “அப்பா, நாலு மணிக்கு மூக்குல டியூப் விடப் போறாங்க. ஒண்ணுமே இல்லாத அடைப்பைத் தேடி வயித்தைத் திரும்ப அறுப்பாங்க. அம்மா அங்க போனைக் கையிலயே வச்சுட்டு உக்காந்திருக்கா.”

“தெரியும்டா. ஆனா காலைல வார்டு முழுக்க ஆளுங்க. அதுக்கப்புறம் உன் மாமன் தலைமாட்டுலயே வந்து உக்காந்துட்டான் பாரு.” குரல் இன்னும் தாழ்ந்தது. “பன்னிரண்டு வருஷம்டா. அவன் இடத்துல நான் இருந்தா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். அடுத்த கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுச் சொல்லுவேன்.”

திரும்பினால், காபிக் கோப்பையோடு மாமா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“நான் வெளியே போயிடறேன் அத்தான்.”

“வெளிய நின்னா கதவு வழியா இன்னும் நல்லாக் கேக்கும்.”

“அப்ப உள்ளயே இருக்கேன்.”

“அதுவும் வேணாம்.”

“பூமியில வேற எங்கதான் அத்தான் நான் போறது?”

மணி மூன்று நாற்பத்தைந்து. அப்பா சட்டென்று கதவுப் பக்கம் காதைத் திருப்பினார். “தோல் செருப்பு. டாக்டர்தான். கூடவே ஒரு தள்ளுவண்டி, முன்சக்கரத்துல எண்ணெய் இல்லை.” எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, தாழ்வாரத்தில் கீச் கீச் என்று வண்டி வந்தது. அதன் மேல் தட்டில் நீளமாகச் சுருட்டிவைத்த டியூப்.

மாமா காபிக் கோப்பையை வைத்தார். சன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரும ஆரம்பித்தார்.

சாதாரண இருமல் இல்லை. மூன்று தலைமுறைச் சளியை ஒரே ஆள் வெளியேற்றுகிற இருமல். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“என்ன சார், நெஞ்சுல ஏதாச்சும்...” என்று ஆரம்பித்த டிரைவர், மாமாவின் முதுகைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். நாற்பது வருடம் ஹாரன் அடித்தவருக்கு வழிவிடச் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் போனில் கிரிக்கெட் வர்ணனையை முழுச் சத்தத்துக்கு ஏற்றினார்.

அப்பா மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல இடப்பக்கம் ஒருக்களித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா இருமினார். யாரோ அவுட் ஆனார். டாக்டரும் சிஸ்டரும் தள்ளுவண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அப்பா வலது கையை உயர்த்தினார். கூடத்தில் பதிவு முடிந்தது என்று காட்டுகிற கை. இருமல் நின்றது. வர்ணனை நின்றது. வார்டு கப்சிப்.

“சிஸ்டர்” என்றார் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல். “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். டாக்டர் தள்ளுவண்டியை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மாமா மட்டும், திரும்பிப் பார்க்காமல், சன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.