முன்சக்கரத்துப் பேரிங்

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் அருள்பாண்டி அந்தச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் இரண்டு ஹாலோபிளாக் கல்லைப் போட்டு, அதன் மேல் டர்ட் பைக்கின் முன்சக்கரத்தைப் படுக்க வைத்திருந்தான். அது துள்ளாதபடி விளிம்பை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள் அவன் மனைவி தாமரைச்செல்வி. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் மேலிருந்து கம்பியை விட்டு, அடிப்பக்கத்துத் தேய்ந்து ஆடும் பழைய பேரிங்கின் மேல் முட்டுக்கொடுத்து, சுத்தியலால் போட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு அடியும் அவள் முழங்கை வரை ஏறியது. பேரிங் நகர்ந்தபாடில்லை.

மெக்கானிக் சிவனாண்டியிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் அவர் பேத்திக்கு அன்றைக்குப் பார்த்துக் காதுகுத்து. பட்டறையைப் பூட்டிவிட்டு, தெருவில் பாதிப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு குலசாமி கோயிலுக்குப் போய்விட்டார். கிடாக்கறி தின்றுவிட்டு அவர் ஊர் திரும்ப நாளைக்கு மத்தியானமாகும். ரேஸோ நாளைக் காலை ஏழு மணிக்கு, திருவாதவூர் பக்கம் ஒரு தரிசுக் காட்டில். அலங்காநல்லூரில் மாடு பிடிக்கிறவனுக்குக்கூட இம்மாதிரி வெறி இருக்காது என்று தாமரைச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் இதே ரேஸில்தான் விழுந்தான். காறை எலும்பு இரண்டாகி, பிளேட் வைத்து, மூன்று மாதம் அவள்தான் சோறு ஊட்டி, தலை சீவிவிட்டாள். கட்டுப் பிரித்த அன்றைக்கே பாண்டி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான், இனி ரேஸ் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று. ஒன்பது மாதம் தாங்கியது. இப்போது கேட்டால், போன வாரமே போய்ச் சேவலைக் கொடுத்துச் சத்தியத்தை இறக்கி வைத்தாயிற்று, சாமியே சரி என்றுவிட்டது, உனக்கென்ன என்கிறான். சாமியையே சரிக்கட்டி வந்தவனிடம் அவள் என்ன பேசுவது? பேரிங் கழன்றால் அவன் நாளைக்குப் போவான், கழலாவிட்டால் போகமாட்டான். அந்தத் துருப்பிடித்த இரும்பு ஒன்றுதான் இப்போதைக்கு அவள் கட்சி.

சூடு பட்டால் ஹப் லேசாக விரிந்து கொடுக்கும் என்று இரண்டு தடவை வெந்நீர் ஊற்றியாயிற்று. மூன்றாவது குண்டானை எடுத்துவர அவன் உள்ளே போனான். அவள் சக்கரத்தைப் புரட்டி, பழந்துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். சேறு இருந்தால்தான் ரேஸ் வண்டிக்கு அழகு என்று கழுவாமலே நிறுத்துகிறவன் அவன். கண்மாய்க் களிமண் காய்ந்து இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தது, இப்போது வெந்நீரில் ஊறிக் கொழகொழவென்று வந்தது. அதற்கடியில், பேரிங்கை மறித்தபடி, மெல்லிய கம்பி வளையம் ஒன்று ஹப்பில் வெட்டியிருந்த காடிப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது. பின்சக்கரத்துக்குப் பேரிங் மாற்றியபோது சிவனாண்டி முதலில் கழற்றி, தொலைத்துவிடாதே தாயி என்று அவள் கையில் கொடுத்த லாக் இதே மாதிரிதான் இருந்தது. இதை எடுக்காமல் யானை வந்து இடித்தாலும் பேரிங் வராது.

அவன் வரும் சத்தம் கேட்டது. யோசிப்பதற்குள் அவள் கை சக்கரத்தைப் பழையபடி கவிழ்த்துவிட்டது.

வெந்நீரை ஊற்றிவிட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்த சம்மட்டியைத் தூக்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். ஒவ்வொரு அடிக்கும், வராதே, வராதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆறாவது அடியில் சத்தம் மாறியது. அதுவரை ணங்கென்று கேட்டது இப்போது கட்டைக் குரலில் கேட்டது.

“அசையுது புள்ள. வந்துரும்.”

பேரிங் அசைய வழியில்லை. அப்படியானால் விட்டுக்கொடுத்தது ஹப்தான். ஊரறிய உடைந்தாலும் தேவலை. கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருந்தால் நாளைக்கு அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்து மேட்டிலிருந்து குதிப்பான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

சம்மட்டி மறுபடி மேலே போனபோது, கம்பியின் தலையை உள்ளங்கையால் மூடினாள். அவன் பதறிப்போய்ச் சம்மட்டியைப் பக்கவாட்டில் போட்டான்.

“கையக் குடுக்கிறியே, கிறுக்கா ஒனக்கு?”

“லாக்கு இருக்கு மாமா. அடியில.”

அருள்பாண்டி சக்கரத்தைப் புரட்டிப் பார்த்தான். இரண்டு ஆணியை வைத்து லாக்கை நெம்பி எடுக்க ஐந்து நிமிஷமானது. பிறகு சின்னச் சுத்தியலால் நாலே தட்டு. பேரிங் கழன்று விழுந்து உருண்டது. அதை அவன் எடுக்கவில்லை. காடியைச் சுற்றிச் சேறு துடைக்கப்பட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பப் பாத்த?”

“வெந்நி எடுக்கப் போனீகள்ல. அப்ப.”

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஹப்பின் உள்விளிம்பில் நகத்தை ஓட்டினான். ஓரிடத்தில் நகம் தட்டியது. வெறும் கீறல்தான் என்றான். அவள் எழுந்து உள்ளே போய் முகப்பவுடர் டப்பாவையும் ஒரு மூடி டீசலையும் எடுத்து வந்தாள். சாமானில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க டீசல் தடவித் துடைத்துவிட்டு மேலே பவுடர் தூவ வேண்டும், உள்ளே நின்ற டீசல் கசிந்து காட்டிக்கொடுக்கும் என்று கல்யாணமான புதிதில் அவளிடம் பெருமையடித்தவன் அவன்தான். அவளே தடவினாள், துடைத்தாள், தூவினாள். இரண்டு பேரும் குத்தவைத்துக் காத்திருந்தார்கள். கோடு வர வேண்டும் என்றும் வந்துவிடக் கூடாது என்றும் அவள் ஒரே மூச்சில் வேண்டினாள்.

முதலில் ஒரு புள்ளி நனைந்தது. பிறகு அது நூலாக இழுபட்டு, காடியிலிருந்து ஒரு நக நீளத்துக்கு வந்து நின்றது.

“சின்னதுதான்,” என்றான்.

“நாந்தான் மாமா ஒடச்சேன்.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவனுடைய கட்டைவிரல் கோட்டை நோக்கி இறங்கியது. ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கோடு போய்விடும், அவன் நாளைக்கு ரேஸுக்குப் போய்விடலாம். அவள் தடுக்கவில்லை. பவுடருக்குச் சற்று மேலே விரல் நின்றது. அவன் விட்ட மூச்சில் இரண்டு பக்கமும் பவுடர் பறந்தது. ஈரக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.