எங்கள் தெருவின் ஒரே ஓட்டு

ஊராட்சித் தேர்தல் முடிந்த பத்தாம் நாள், எங்கள் தெருமுனையில் மண்வெட்டியைக் கீழே போடச் சொல்லிவிட்டார்கள். குடிநீர்க் குழாய் பதிக்கப் பெரிய சாலையிலிருந்து நாலு பேர் பள்ளம் வெட்டிக்கொண்டு வந்தோம். இன்னும் இருபது அடி போனால் முதல் வீடு. எட்டாவது வீடு என்னுடையது.

மேஸ்திரி ஒரு தாளை நீட்டினார். "நீதான் படிக்கக் கத்துக்கிட்டியே, படி."

நாற்பத்தைந்து வயதில் கற்ற எழுத்து. விரல் வைத்துத்தான் படிப்பேன். சாவடிவாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அடித்திருந்தார்கள். எங்கள் தெருவுக்குத் தனிச் சாவடி. விழுந்தது அறுபத்திரண்டு. மாவு மில்காரருக்கு அறுபத்தொன்று. ஜெயித்த தலைவருக்கு ஒன்று.

"ஒத்த ஓட்டுக்கு எதுக்குய்யா தெரு முழுக்கத் தண்ணின்னு தலைவர் கேக்குறார்," என்றார் மேஸ்திரி.

அந்த ஒன்று நான் போட்டது.

மில்காரர் எங்கள் தெருக்காரர், என் மனைவிக்கு மாமா மகன். "சொந்தத் தெருக்காரனை விட்டுட்டு எவனுக்கோ போடுவீங்களா?" என்று வீடுவீடாக வந்து கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். தண்ணீரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவர் வீட்டுக்கு ஆள் வைத்துத் தூக்குகிறார்கள். தலைவர் ஓட்டுக் கேட்டு வந்த அன்று நான் பெரிய சாலைப் பள்ளத்துக்குள் நின்றிருந்தேன். குனிந்து என் தோளைத் தொட்டு, "உங்க தெருவுக்குக் குழாய் வரும்," என்றார். என் மனைவி பதினைந்து வருடமாகத் தொட்டியிலிருந்து குடம் சுமக்கிறாள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தேவிட்டது. முன்பெல்லாம் சின்னத்தைப் பார்த்து முத்திரை குத்துவேன். இந்த முறை பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக் குத்தினேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

தாள் விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் இரண்டு நாள் ஒரே வசவு. "எவன்னு மட்டும் தெரியட்டும், பாதித் தலையோட எழுப்பி அனுப்புறேன்," என்று கத்தியைத் தீட்டினான் முடிவெட்டுகிறவன். அவன் முன்னால்தான் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் தலைவர் சொல்லி அனுப்பினார்: எனக்குப் போட்ட அந்த ஒரு ஆள் வந்து சொல்லட்டும், அந்த வீட்டுக்கு மட்டும் குழாய் தருகிறேன்.

அதோடு வசவு நின்றது. தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எனக்குப் பயம். இந்த மனிதர்களோடுதானே சாகும்வரை இருக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். காலையில் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தேன். நேராக ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குப் போனேன்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே தலைவர் சிரித்துவிட்டார். "நீ பன்னிரண்டாவது ஆளுய்யா."

எழுத்தர் பட்டியலை என் பக்கம் திருப்பினார். முதல் ஆள் முடிவெட்டுகிறவன். ஏழாவதில் விரல் நின்றது. என் வீட்டுக் கதவு எண். என் மனைவி பெயர்.

"நேத்து வந்து சத்தியமே பண்ணுச்சு," என்றார் தலைவர். "இப்போ நீ வந்து நிக்குற. வீட்டுல பேசிட்டு வரக்கூடாதா?"

"ஐயா, நான் பேரைப் படிச்சுத்தான் குத்துனேன். மூணாவது பேரு உங்களோடது."

"அதைத்தான் சாவடி வாசல்லயே ஒட்டியிருந்தாங்களே."

"அப்போ யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"குடுத்தாச்சு. மில்காரருக்கு. 'எனக்கு நானே குத்திக்கக் கூச்சமா இருந்துச்சுண்ணே, உங்களுக்குத்தான் போட்டேன்'னார். பொய்யாவே இருக்கட்டுமே. எதிர்த்து நின்னவன் என் வாசல்ல வந்து அப்படிச் சொல்றான் பாரு, அதுக்கு ரெண்டு குழாய்கூடக் குடுக்கலாம்."

மில் வீடு தெருவின் கடைசி. மறுநாள் தெரு நெடுகப் பள்ளம் வெட்டினோம். நடுவில் எந்த வீட்டுக்கும் கிளை கிடையாது என்று மேஸ்திரி முதலிலேயே சொல்லிவிட்டார். மதியத்துக்குள் என் வாசலுக்கு வந்துவிட்டோம்.

என் மனைவி குடத்தோடு வந்து மற்ற மூவருக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

"ஏழாவது ஆள் நீதானாமே," என்றேன்.

"நீங்க பன்னிரண்டாமே. கிளம்புறப்பவே சொல்லியிருந்தா வேண்டாம்னு தடுத்திருப்பேன். ஒரே பொய்யை ரெண்டு பேர் சொன்னா எவன் நம்புவான்?"

"நான் சொன்னது பொய் இல்ல."

என் பக்கம் நீட்டிய செம்பு பாதியில் நின்றது. பள்ளத்துக்குள் இருந்த என்னை மேலிருந்து பார்த்தாள்.

"எங்க மாமா மகனுக்கா போடாம விட்டீங்க?"

எனக்கு ஊற்றவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"வாசல் வந்துருச்சுன்னு நிக்காதய்யா, வெட்டு," என்றார் மேஸ்திரி.

வெட்டினேன்.